மண்சட்டியைக் கம்பியாக இழுத்த கதை

எம்.ஆர்.ஐ. மெஷினை ராத்திரியில் ஏன் ஆஃப் பண்றதில்லைனு தெரியுமா மக்களே?

ஸ்கேன் எடுக்கிற நேரத்தில் மட்டும்தான் உள்ளே காந்தம் வேலை செய்யும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், கரண்ட் கட் எதுவானாலும் அந்தக் காந்தம் முழு பலத்தோடு இருந்துகொண்டே இருக்கும். பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அறையில் யாரும் இல்லையே என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகாதீங்க என்று நாங்க கத்துவது அதனால்தான்.

அந்தக் காந்தம் எப்படிக் கட்டப்படுகிறது? அதை ஹீலியம் இல்லாமல் கட்ட ஒரு டேப் வந்ததே, அதைச் செய்ய ஏன் இத்தனை வருஷம் ஆச்சு? திருச்சி ஆர்.இ.சி.யில் படித்த ஒருத்தருக்கு அதில் என்ன பங்கு? இதுதான் இன்றைய இழை. நீளமானது. டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதலில் காயில்.

சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போர்வெல் இருக்கிற ஊரில் மோட்டார் வைண்டிங் கடை இல்லாமல் இருக்காது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடி போட்டுட்டுப் போகும். உள்ளே இறக்கின சப்மெர்சிபிள் மோட்டார் ஒரு கோடையில் காயில் எரிந்து மேலே வரும். கடைக்காரர் எரிந்த கம்பியை உருவிவிட்டு, சுற்று எண்ணிப் புதுக் கம்பி சுற்றித் தருவார். கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்சாரம் விட்டால் காந்தம். சுற்று கூடினாலோ ஆம்பியர் கூடினாலோ காந்தமும் கூடும். அவ்வளவுதான் தத்துவம்.

அப்புறம் ஏன் எரியுது? செம்புக் கம்பிக்கு மின்தடை இருக்கு. ஆம்பியர் ஏற ஏறச் சூடு.

ஒரு ஆள் உள்ளே படுக்கிற அளவு குழாயைச் சுற்றி 1.5 டெஸ்லா காந்தத்தைச் செம்பில் கட்டினால் சூடும் தாங்காது, கரண்ட் பில்லும் தாங்காது. அதனால் எம்.ஆர்.ஐ.க்குள் இருப்பது செம்புக் காயில் இல்லை. நையோபியம்-டைட்டானியம் என்ற உலோகக் கலவையில் இழுத்த பல கிலோமீட்டர் கம்பி. இதை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால் மின்தடை சுத்தமாகப் பூஜ்யம் ஆகிடும். மீகடத்தி என்று நம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுதான். ஒரு தடவை மின்சாரத்தை ஏற்றி இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் அது வருஷக்கணக்கில் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆஃப் பண்ண ஸ்விட்சே தேவைப்படாத காந்தம்.

மைனஸ் 269க்குப் பொதுவான வழி திரவ ஹீலியம். வழக்கமான மெஷினில் 1,500 லிட்டர் அளவுக்கு இருக்கும். காயிலில் ஏதோ ஒரு இடம் சூடாகி மின்தடை திரும்பிவிட்டால் மொத்த ஹீலியமும் கொதித்துக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். இதற்குப் பெயர் குவென்ச். மறுபடி நிரப்ப ஆகும் செலவு லட்சங்களில். ஹீலியம் நமக்கு இறக்குமதி.

(இதில் ஒரு வேடிக்கை. ஹீலியம் என்ற தனிமம் உலகத்துக்கு முதலில் கண்ணில் பட்டதே நம்ம மெட்ராஸ் மாகாணத்தில். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சனும் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார்கள். பார்த்தது இங்கே, வாங்குவது வெளிநாட்டில்.)

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், எக்ஸ்ரே தாலுகா வரை வந்துவிட்டது. சி.டி.யும் பல இடங்களுக்கு இறங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. மட்டும் பெரிய ஆஸ்பத்திரிகளை விட்டு இறங்க மாட்டேங்குது. பைக்கில் இருந்து விழுந்து கை கால் மரத்துப்போச்சுன்னு வருகிறவருக்குத் தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்று சி.டி. முழுசாகச் சொல்லாது. அந்த ஆளைப் பலகையில் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பணும். அவசரம் இல்லாதவர் டேட் வாங்கிக்கொண்டு காத்திருக்கணும். மெஷின் இறங்காததற்கு டாக்டர், டெக்னீஷியன், பணம் என்று பல காரணம் உண்டு. ஆனால் விலையிலும் பராமரிப்பிலும் பெரிய பங்கு அந்தக் காந்தத்துக்கும் அதைக் குளிரில் வைத்திருப்பதற்கும்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1911, நெதர்லாந்தின் லைடன் நகரம். காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்தபோது மின்தடை மறைந்தது. மனுஷன் உடனே யோசித்தது காயிலைத்தான். தடை இல்லாத கம்பி கிடைத்துவிட்டது, எவ்வளவு பெரிய காந்தமும் கட்டலாம் என்று கணக்குப் போட்டார். 1913ல் ஈயக் கம்பியில் காயில் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் மின்சாரம் ஏற்றியதுமே மீகடத்தும் தன்மை செத்துப்போச்சு. காயில் உருவாக்கிய காந்தமே அந்தக் கம்பியின் குணத்தைக் கெடுத்துவிட்டது.

பொருளைக் கண்டுபிடித்து 50 வருஷம் கழித்து, 1961ல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லர் குழு நையோபியம்-வெள்ளீயக் கலவை 8.8 டெஸ்லாவிலும் தாங்குகிறது என்று காட்டியது. அதே காலத்தில் வந்த நையோபியம்-டைட்டானியம் செம்பு மாதிரியே வளையும், இழுபடும். எம்.ஆர்.ஐ. தொழிலே அதன் மேல்தான் நிற்குது.

இந்த 50 வருஷ இடைவெளியை ஞாபகம் வச்சுக்கோங்க. இதே கதை மறுபடியும் நடந்தது.

1986ல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர் ஒரு செப்பு ஆக்சைடு பீங்கானில் அதுவரை இல்லாத உயர்ந்த வெப்பநிலையில் மீகடத்தலைப் பார்த்தார்கள். 1987 ஜனவரியில் அமெரிக்காவில் வூ, சூ குழுக்கள் இட்ரியம்-பேரியம்-செப்பு ஆக்சைடில் மைனஸ் 180 டிகிரியைத் தொட்டன. அடுத்த மார்ச் மாதம் நியூயார்க்கில் நடந்த இயற்பியல் கூட்டம் விடியவிடிய ஓடியது. பெட்நோர்ஸுக்கும் முல்லருக்கும் அந்த வருஷமே நோபல்.

மைனஸ் 180ல் என்ன பெரிய விஷயம்? திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அதாவது நைட்ரஜனே போதும்.

திரவ நைட்ரஜன் உங்களுக்குப் புதுசு இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் பைக்கில் ஒரு அலுமினியக் கேன் கட்டிக்கொண்டு வருவாரே, மூடியைத் திறந்தால் புகை வழியுமே, அதுதான். உறைவிந்துக் குச்சிகள் அதற்குள்தான் கிடக்கும். காற்றிலிருந்து பிரித்தெடுப்பது, விலையைப் பால் விலையோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். கால்நடை மருந்தகத்தில் இருக்கிற கேனை வைத்து மீகடத்தி என்றால் உலகம் ஏன் பைத்தியமாகாது?

இந்தியாவும் சும்மா இல்லை. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., கல்பாக்கம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் என எல்லா இடத்திலும் அந்தக் கறுப்புப் பொடியைக் கலக்கி உலையில் சுட்டார்கள். நம்ம கணபதி பாஸ்கரன் அப்போது பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு சேர்ந்து இது ஏன் நடக்குது என்பதற்குக் கோட்பாடு எழுதினார். பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தவர். காந்தத்தில் ஓடும் ரயில், நஷ்டமில்லாத மின்கம்பி எல்லாம் நாளைக்கே வந்துவிடும் என்று பத்திரிகைகள் எழுதின.

வரல. காரணம் கோட்பாடு இல்லை. அந்தப் பொருள் ஒரு மண்சட்டி.

உண்மையிலேயே அது பீங்கான். வளைத்தால் உடையும். மண்சட்டியைக் கம்பியாக இழுத்து, மோட்டார் காயில் மாதிரி சுற்று என்றால் எப்படி?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று 1988ல் தெரிந்தது. சுட்ட பீங்கான் என்பது கோடிக்கணக்கான குட்டிப் படிகங்கள் ஒட்டிக்கொண்ட கட்டி. ஐ.பி.எம்.மில் பிரவீண் சௌதரி இருந்த குழு (இவர் ஐ.ஐ.டி. கரக்பூர் மாணவர்) இரண்டு படிகங்கள் மட்டும் சேரும் இடத்தை அளந்து பார்த்தது. பக்கத்துப் பக்கத்துப் படிகம் சில டிகிரி கோணல் ஆனாலே கடக்கிற மின்சாரம் மளமளவென்று சரிந்தது. கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு செங்கல் அடுக்கின சுவர் மாதிரி இருந்தால் ஆகாது. கிலோமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு படிகமும் ஒரே திசை பார்த்து நிற்கணும்.

முதல் வழி வெள்ளி. பிஸ்மத் கலந்த இன்னொரு பீங்கான் 1988ல் ஜப்பானில் கிடைத்தது. அதன் பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து, கம்பியாக இழுத்து, பல கம்பிகளைக் கட்டாக்கி மறுபடி வெள்ளிக்குள் விட்டு இழுத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குக் கம்பி இழுக்கிறவங்க கிட்ட கொடுத்திருந்தால் பாதி வேலையைப் பார்த்த உடனே புரிஞ்சிருப்பாங்க. நசுக்கும்போது தகடு தகடான அந்தப் படிகங்கள் ஓரளவு ஒரே வாக்கில் படுத்துக்கொள்ளும். டேப் கிடைத்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் வெள்ளி. கொலுசு விலைக்குக் கம்பி வாங்கி ஊருக்கு லைன் இழுக்க முடியுமா? போதாததற்கு, நைட்ரஜன் குளிரில் பலமான காந்தத்துக்கு நடுவே அது தாங்கவும் இல்லை.

இரண்டாவது வழிதான் ஜெயித்தது. இங்கேதான் நம்ம ஆள் வருகிறார்.

வெங்கட் செல்வமாணிக்கம். திருச்சி ஆர்.இ.சி.யில் (இப்போ என்.ஐ.டி.) உலோகவியல் படித்துவிட்டு 80களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மேலே சொன்ன சூ வேலை பார்த்த அதே ஊர். காமல் சலாமாவோடு சேர்ந்து, அந்தப் பீங்கானை உருக்கி மெதுவாக ஆறவிட்டுப் படிகங்களை ஒழுங்காக்கும் முறையை 1989ல் வெளியிட்டார்கள். கட்டியாகச் செய்யும்போது மின்சாரம் பல மடங்கு கூடியது. பிறகு அவர் நியூயார்க் மாநிலத்தில் இன்டர்மேக்னெட்டிக்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போனார். அது எம்.ஆர்.ஐ.க்குக் காந்தம் கட்டிய நிறுவனம். அதில் இருந்து சூப்பர்பவர் என்று ஒரு கிளை பிரிந்தது. அங்கே டேப் தயாரிக்கும் தொழில்நுட்பத்துக்கு இவர் தலைமை.

டேப் எப்படி இருக்கும்? அகலம் 4 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். தொட்டுப் பார்த்தால் செம்பு ரிப்பன். ஆனால் அதில் மின்சாரம் ஓடும் பீங்கான் அடுக்கு வெறும் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வச்சுக்கோங்க. இவ்வளவு மெல்லிசாக இருந்தால் பீங்கானும் வளையும். மீதி எல்லாம் அதைத் தாங்கும் நிக்கல் கலவைத் தகடும் மூடும் வெள்ளி, செம்புப் பூச்சும். வீட்டு ஒயரில் 20 ஆம்பியருக்கு யோசிக்கிறோம். இந்த ரிப்பன் நைட்ரஜனில் முக்கினால் 100 ஆம்பியரைச் சர்வசாதாரணமாகக் கடத்தும்.

படிகங்களை எப்படி ஒரே திசையில் நிறுத்தினார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த இடம். உலோகத் தகட்டின் மேல் மெக்னீசியம் ஆக்சைடு ஆவியைப் படியவிடுவார்கள். படியும்போதே பக்கவாட்டில் சாய்வாக ஆர்கான் அயனிகளை அடிப்பார்கள். கோணலாக வளரும் படிகம் அடிபட்டுச் சிதறும். சரியான திசையில் நிற்பது மட்டும் பிழைக்கும். காற்றடித்த நெல் வயல் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்குமே, அப்படி. அந்த அடுக்கின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். அதன் மேல் எது வளர்ந்தாலும் அதே வரிசையில் வளரும்.

மெக்னீசியம் ஆக்சைடு என்றதும் சேலத்துக்காரங்களுக்கு ஏதாவது ஞாபகம் வரணும். மாமாங்கம் பக்கம் வெட்டுகிற வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது அதேதான். நாம் அதை டன் கணக்கில் இரும்பு உலைச் செங்கலுக்குப் போடுகிறோம். டேப்பில் அது நானோமீட்டர் கணக்கு.

இதை எல்லாம் செல்வமாணிக்கம் ஒருத்தரே கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க. அயனி அடிக்கும் யோசனை 90களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஃபுஜிகுரா நிறுவனத்தில் வந்தது. மெக்னீசியம் ஆக்சைடு வழி 1997ல் ஸ்டான்ஃபோர்டில். லாஸ் அலமாஸில் வளர்ந்தது. இவர் குழு செய்தது வேறு வகைக் கஷ்டம். கேசட் மாதிரி ஒரு ரீலில் இருந்து இன்னொரு ரீலுக்குத் தகடு ஓடிக்கொண்டே இருக்க, சூடான தகட்டின் மேல் உலோக ஆவியை ஊதி, நடுவில் எங்கேயும் பிசகாமல் பீங்கானை வளர்ப்பது. ஆய்வகத்தில் ஒரு சென்டிமீட்டர் துண்டு நன்றாக வந்தால் கட்டுரை எழுதிவிடலாம். ஒரு கிலோமீட்டர் டேப்பில் ஒரு சென்டிமீட்டர் கெட்டால் மொத்த டேப்பும் அந்த ஒரு சென்டிமீட்டரின் தரம்தான். என் கணக்கில் நோபல் வாங்கிய வேலையைவிட இது லேசானது இல்லை.

2008 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், மக்கள் பயன்படுத்தும் மின்வலையில் இந்த டேப்பால் செய்த 30 மீட்டர் கேபிள் இணைக்கப்பட்டது. அந்த 30 மீட்டருக்குள் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் டேப். அடுத்த வருஷம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரே துண்டு டேப் 280 ஆம்பியர் அளவுக்குத் தாங்கியது, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு. பொருளைக் கண்டுபிடித்து 22 வருஷம். அவர் ஹூஸ்டனுக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

இன்னொரு வேலையும் உண்டு. பலமான காந்தத்தில் இந்தப் பீங்கானுக்குள் காந்தக்கோடுகள் நூல் நூலாக நுழையும். அவை நகர்ந்தால் மின்சாரம் நஷ்டம். மேய்ச்சலில் மாட்டை முளைக்குச்சியில் கட்டுவது போல அவற்றைக் கட்டிப்போடணும். சிர்க்கோனியம் கொஞ்சம் கலந்தால் பீங்கானுக்குள் தானாக நானோ குச்சிகள் வளரும். நல்லா செய்த பொருளில் வேண்டுமென்றே பழுது வைப்பது. அதை நீளமான டேப்பில் கொண்டுவந்தவர்களில் இவர் குழு முக்கியமானது.

டேப் ரெடி. இனி காயில் சுற்றினால் முடிந்ததா? அங்கேயும் மண்சட்டி விடவில்லை.

நம்ம வைண்டிங் கடையில் சுற்றி முடித்ததும் வார்னிஷ் விடுவார்கள், சுற்றுகள் ஆடாமல் இருக்க. அதே பழக்கத்தில் இந்தக் காயிலுக்கு எபாக்சி ஊற்றினார்கள். குளிர்விக்கும்போது எபாக்சி அதிகம் சுருங்கி, டேப்பின் அடுக்குகளைத் தோலுரிப்பது மாதிரி பிரித்துவிட்டது. பல இடங்களில் மெழுகுக்கு மாறினார்கள். மெழுகு விரிசல் விட்டுக்கொள்ளும், டேப்பை இழுக்காது.

அடுத்தது எரிவது. பழைய நையோபியம் காயிலில் ஒரு இடம் சூடானால் அந்தச் சூடு சட்டென்று பரவி, மொத்தக் காயிலும் பங்குபோட்டுக்கொள்ளும். இந்த டேப்பில் சூடு எறும்பு வேகத்தில்தான் பரவும். அந்த ஒரே இடத்தில் ஆற்றல் முழுதும் இறங்கி டேப் பொசுங்கிடும். எத்தனையோ காயில்கள் அப்படிப் போயின.

2011ல் எம்.ஐ.டி.யில் கொரியாவைச் சேர்ந்த சியுங்யாங் ஹான் குழு வெளியிட்ட தீர்வை எந்த வைண்டிங் கடையில் சொன்னாலும் சிரிப்பாங்க. இன்சுலேஷனே வேண்டாம்! சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் எதுவும் இல்லாமல் வெறும் டேப்பையே சுற்று. மோட்டாரில் அப்படிச் செய்தால் ஷார்ட். இங்கே, எல்லாம் நல்லா இருக்கும்வரை மின்சாரம் தடையே இல்லாத டேப் வழியாகத்தான் போகும், பக்கத்துச் சுற்றுக்குத் தாண்டாது. ஒரு இடம் கெட்டால் மட்டும் தாண்டிப் பக்கத்துச் சுற்று வழியாகப் போய்விடும். ரோட்டில் மரம் விழுந்தால் பஸ் பக்கத்துத் தெரு வழியாகப் போவது போல. குறை என்னவென்றால் காந்தம் ஏறவும் இறங்கவும் ரொம்ப நேரம் எடுக்கும்.

2019ல் இதே முறையில் கட்டிய, கைக்குள் அடங்கும் ஒரு குட்டிக் காயிலை ஃபுளோரிடாவில் பெரிய செம்புக் காந்தத்துக்கு நடுவில் வைத்து 45.5 டெஸ்லா தொட்டார்கள். 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் அணு இணைவு உலைக்காக 267 கிலோமீட்டர் டேப்பில் ஆள் உயரத்தைவிடப் பெரிய காந்தம் கட்டி 20 டெஸ்லாவை எட்டினார்கள். அதிலும் சுற்றுகளுக்கு நடுவே வழக்கமான இன்சுலேஷன் இல்லை.

அப்போ எம்.ஆர்.ஐ.க்கு எப்போ சார் வரும் என்பீங்க.

முதலில், நைட்ரஜன் கேனை வைத்து எம்.ஆர்.ஐ. ஓட்டலாம் என்ற 1987 கனவை விட்டுடுங்க. மைனஸ் 196ல் பலமான காந்தத்துக்கு நடுவே இந்த டேப்பின் திறனும் குறையும். அந்த 20 டெஸ்லா காந்தம் ஓடியது மைனஸ் 253ல். ஆனால் மைனஸ் 269க்கும் 253க்கும் உள்ள வித்தியாசம் சும்மா 16 டிகிரி இல்லை. அந்தக் குளிருக்குக் குளிரூட்டி மெஷினே போதும், ஹீலியம் தொட்டி வேண்டாம்.

இரண்டாவது, ஜாயின்ட். எம்.ஆர்.ஐ. காந்தம் வருஷக்கணக்கில் தானாக ஓட, கம்பி முனைகள் சேரும் இடத்திலும் தடை பூஜ்யமாக இருக்கணும். நையோபியத்தில் அது பழகிய வேலை. டேப்பில் பற்றவைத்தால் துளியூண்டு தடை வந்துவிடும். அந்தத் துளியில் காந்தம் மெல்ல மெல்ல இறங்கும். படம் எடுக்க ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட அசையக் கூடாது. பீங்கானையும் பீங்கானையும் மீகடத்தும்படியே ஒட்டவைப்பதைக் கொரியக் குழு 2014ல் காட்டியது. 2018ல் ஜப்பானின் ரிக்கன் குழு அப்படி ஒட்டிய காயிலை வைத்து மூலக்கூறு ஆராயும் என்.எம்.ஆர். காந்தத்தைத் தானாகச் சுற்றும் நிலையில் ஓட்டியது. அது சோதனைக்குழாய் நுழையும் துளை. எம்.ஆர்.ஐ.க்கு ஆள் நுழையணும்.

மூன்றாவது விலை. இணைவு உலைக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்ததால் டேப் தொழிற்சாலைகள் பெருகின, விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நையோபியம் கம்பியோடு போட்டி போடும் இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இதற்கிடையே பழைய கம்பிக்காரங்களும் தூங்கவில்லை. 2018ல் பிலிப்ஸ் 1,500 லிட்டருக்குப் பதில் 7 லிட்டர் ஹீலியத்தை உள்ளேயே சீல் வைத்து, கூரைக் குழாயே தேவைப்படாத மெஷினை இறக்கியது. உள்ளே அதே நையோபியம்-டைட்டானியம்தான். மேல்மாடியிலும் வைக்கலாம், குவென்ச் ஆனாலும் எதுவும் வெளியே போகாது. எங்க பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. வருகிறதென்றால் முதலில் வருவது அநேகமாக இந்த வகையாக இருக்கும். டேப் காயில் அதற்கு அடுத்த தலைமுறை, யாராவது அந்த ஜாயின்ட்டை ஆள் படுக்கிற அளவுக் காயிலில் போட்டுக் காட்டிய பிறகு.